முதல் ஆல்பம் முழுக்க மழைச் சத்தம்: வச்சுக்கலாமா, திரும்ப எடுக்கணுமா?

#1 தகரக்கூரை · வியாழன் இரவு 10:12

நாலு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆள் நான். இன்னிக்குத்தான் முதல்ல எழுதறேன்.

நாங்க நாலு பேர், எல்லாருமே கோத்தகிரி சுத்துவட்டாரம். சைக்கடெலிக் ராக் வாசிக்கறோம், மயக்கத்துல மிதக்கற மாதிரி கேக்கற ராக். பேண்டுக்குப் பேர் இன்னும் வைக்கல, ரெண்டு வருசமா அதுக்குச் சண்டை. அதுக்குள்ள ஆல்பம் முடிஞ்சிருச்சு. ஏழு பாட்டு, 51 நிமிசம், எல்லாம் தமிழ் வரிகள்.

ரெக்கார்டிங் பண்ணது கோடநாடு ரோட்டுல எங்க கிட்டாரிஸ்டோட பெரியப்பா வீட்டுல. பழைய வீடு, தகரக் கூரை. ரெண்டு பேருக்குத் தீபாவளியை ஒட்டித்தான் லீவு கிடைச்சுது. மலைன்னாலே ஜூன், ஜூலைல மழைன்னு கீழ இருக்கறவங்க நினைப்பாங்க. அது ஊட்டி, கூடலூர் பக்கம். நாங்க கிழக்குச் சரிவு, எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். தெரிஞ்சே போய் மாட்டினோம். பதினோரு நாள்ல ஒன்பது நாள் மழை.

சுவத்துக்குக் கம்பளி, ரஜாய், தேயிலைச் சாக்கு எல்லாம் தொங்க விட்டோம். கூரையை என்ன பண்றது? டிரம்ஸ் மைக் அத்தனையிலும் மழை இருக்கு. அமைதியான இடத்துல பாட்டை விட மழைதான் பெருசா கேக்குது.

இப்படி ஒரு வீட்டைத் தேடிப் போனதுக்குக் காரணம் டேம் இம்பாலாங்கற ஆஸ்திரேலிய பேண்டோட முதல் ஆல்பம் ‘இன்னர்ஸ்பீக்கர்’. 2009-ல அந்த பேண்டோட கெவின் பார்க்கர் பெர்த்துல இருந்து நாலு மணி நேரம் தள்ளி, கடலைப் பார்த்த ‘வேவ் ஹவுஸ்’ங்கற வீட்டுல உக்காந்து பண்ணது. அவனுக்குக் கடல்னா நமக்குத் தேயிலைத் தோட்டம்னு கிளம்பிட்டோம்.

சென்னைல ஸ்டுடியோ வச்சிருக்கற நண்பர் கேட்டுட்டு, “குப்பைல போட்டுட்டு இங்க வாங்க”ன்னுட்டார். கையில இருக்கற காசு மூணு நாளைக்குத்தான் வரும். 1, 3, 5-ஆம் பாட்டுகளை இணைச்சிருக்கேன். கேட்டுட்டுத் திட்டுங்க.

#2 காளான்_கடை · 10:20

சைக்கடெலிக்குன்னு சொன்னதும் கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல இருந்து ஓடி வந்தேன். மழை விட்டா மறுநாள் காளான் வருமே, அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே தலைவா?

#3 மட்டுறுத்துநர் · 10:31

போதைக் காளான் பேச்சு இங்கே வேண்டாம். அடுத்த தடவை பதிவு நீக்கப்படும். பாட்டைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

#4 கோவை_பேஸ் · 11:05

மூணும் கேட்டேனுங்க. மழை எனக்குத் தொந்தரவாத் தெரியலைங்க. அஞ்சாவது பாட்டுல இருக்கற ‘ம்ம்ம்’தான் தொந்தரவு. மெயின்ஸ் ஹம் அது, கரண்ட் லைன்ல இருந்து வர்ற இரைச்சல்.

நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாருல கீழ் ஜி ஸ்வரம் 49. ரெண்டும் ஒட்டியும் ஒட்டாம நிக்குது. அந்த ஸ்வரத்தைப் பிடிக்கறப்ப எல்லாம் வினாடிக்கு ஒரு தடவை ‘வூம், வூம்’னு அலை அடிக்குது பாருங்க, அதுதான். அந்தப் பாட்டு ஜி ஸ்கேல்லயே இருக்கறது உங்க கெட்ட நேரம்.

மழைக்கு ஒரு சப்போர்ட் சொல்றேன். 1966-ல டெக்சாஸ்ல ‘13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’னு ஒரு பேண்ட். முதல் ஆல்பத்துல ஒருத்தர் மண் ஜாடி வாய்ல மைக்கைப் பிடிச்சுட்டு பாட்டுக்குப் பாட்டு ‘குபுகுபு’ன்னு சத்தம் கொடுப்பாரு. முதல்ல கேக்கறப்ப கழட்டி எறியணும் போல இருக்கும். ஒரு வாரம் கேட்டா, அது இல்லாத பாட்டு மொட்டையாத் தெரியும். ஒரே ஒரு பாட்டுல இருந்தா தப்புன்னு தோணும். எல்லாத்துலயும் இருந்தா அதுதான் அந்த பேண்ட்.

#5 பழைய_ரீல் · வெள்ளி காலை 6:40

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். உங்கள் மூன்று பாடல்களையும் இரவு ஹெட்போனில் கேட்டேன். வெளியிலும் மழை. எது உங்கள் மழை, எது என் மழை என்று தெரியாமல் இரண்டு முறை கழற்றிப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மழையை எடுக்க முடியாது. தகரத்தில் விழும் மழை அடி முதல் உச்சி வரை எல்லா அதிர்வெண்ணிலும் பரவி நிற்கும். ஈக்வலைசரில் எங்கே வெட்டினாலும் சிம்பலும் குரலும் சேர்ந்து போகும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அழுத்திப் போட்டால் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல் ஆகும். மழை போனாலும் பாட்டு முழுகிவிடும்.

இப்போது உங்களை உறுத்துவது மழை அல்ல. டிரம்ஸுக்குக் கம்ப்ரஸரை, அதாவது பெரிய சத்தத்தை அமுக்கும் கருவியை, நெருக்கிப் பிடித்திருக்கிறீர்கள். ஸ்னேர் அடிக்கும்போது அது எல்லாவற்றையும் அமுக்குகிறது. அடி முடிந்ததும் கையை விடுகிறது. விட்ட இடத்தில் மழை எழும்புகிறது. அதனால் மழை மூச்சு வாங்குவது போல் கேட்கிறது. அது தாளத்தோடு சேர்ந்தால் அழகு. ஒன்றாம் பாட்டில் சேர்ந்திருக்கிறது. ஐந்தில் சேரவில்லை, ஆஸ்துமாக்காரர் போல் இருக்கிறது. அது கையை விட எடுக்கும் ரிலீஸ் நேரத்தை அந்தப் பாட்டின் காலப்பிரமாணத்துக்கு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. வெட்டி ஒட்டிய இடங்களில் மழை குதிக்கிறது. ஒரு டேக்கில் அடைமழை, அடுத்ததில் தூறல். மூன்றாம் பாட்டில் 2:36-இல் கேளுங்கள். அதற்கு மருந்து சுலபம். அந்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள். அதே அறை, கூரைக்குக் கீழே ஒரே ஒரு கண்டென்சர் மைக், யாரும் பேசாமல் பதினைந்து நிமிடம் மழையை மட்டும் பிடியுங்கள். அதை ஒட்டுகளுக்கு அடியில் பாய் விரித்தாற்போல் விரியுங்கள். சினிமாவில் வசனத்துக்கு அடியில் அறைச் சத்தம் போடுகிற அதே வேலைதான்.

அந்தத் தனி மழையை ஃபேசரில் விட்டுப் பாருங்கள். ஃபேசர், ஃப்ளேஞ்சர் இரண்டுமே ஒலியில் பள்ளம் தோண்டி அந்தப் பள்ளத்தை நகர்த்துகிற கருவிகள். புல்லாங்குழல் போல மெல்லிய ஒலியில் பள்ளம் விழ இடமில்லை, நகர்வது தெரியாது. இரைச்சல் நிறைந்த ஒலியில்தான் அது முழுதாகத் தெரியும். கிட்டாருக்கு ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் போட்டபின் ஃபேசர் போடுவது அதனால்தான். மழையைவிட நிறைந்த இரைச்சல் உங்களுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மைக்கை டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஈரத்தில் கண்டென்சர் பொரியும். ஒன்றாம் பாட்டின் கடைசியில் அது பொரிவதை மழைத் துளி என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

#6 தகரக்கூரை · 9:15

ஐயா, அதைத் துளின்னுதான் நினைச்சோம். அழகா இருக்குன்னு சத்தம் கூட்டி வேற வச்சோம் :(

ஹம் விஷயம்: வீட்டுல எர்த்தே இல்ல. ரெண்டு பின் பிளக்தான். ஆம்ப்ல எர்த் பின்னை எடுத்துட்டா ஹம் குறையுமா?

#7 கோவை_பேஸ் · 9:22

ஐயோ, அந்தப் பின்னை மட்டும் தொடாதீங்க. ஈரத் தரைல நின்னு பாடறவங்க நீங்க, மைக்குல உதடு பட்டதும் தூக்கி அடிக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முறையா ஒரு எர்த் குழி போடுங்க. கிட்டாரு சிங்கிள் காயில்னா திசையைத் திருப்பித் திருப்பி உக்காந்து பாருங்க, ஒரு கோணத்துல அடங்கும்.

திரும்ப எடுக்கறதா இருந்தா ஒரு கிறுக்கு யோசனை இருக்குங்க. 49-ஐ 50 ஆக்கணும்னா 35 சென்ட் மேல ஏத்தணும் (அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்). அஞ்சாவது பாட்டை மட்டும் மொத்த பேண்டும் 35 சென்ட் ஏத்தி ட்யூன் பண்ணி வாசிச்சிருங்க. ஹம் சுருதிப் பெட்டி ஆயிரும். மின்வாரியமே தம்புரா போடும், காசும் கேக்காது.

#8 லயத்து_வீடு · 1:50

பழைய_ரீல் ஐயா ஃபேசர்னு சொன்னதும் இதை எழுதணும்னு தோணிச்சு.

எங்க தாத்தா கண்டியிலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்தவர். டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்துலதான் (வரிசை வீடு) நாங்க வளர்ந்தோம். அவர்கிட்ட ஒரு பிலிப்ஸ் ரேடியோ. இலங்கை வானொலி மட்டும்தான் வைப்பார். சிற்றலை, அதனால பாட்டு நேரா வராது. கிட்ட வரும், போகும், நடுவுல குடைஞ்சுகிட்டு ஒரு சுழல் மாதிரி ஓடும், திரும்ப வரும். காத்தடிக்கறதாலன்னு பாட்டி சொல்லும். நான் பல வருசம் அந்தப் பாட்டெல்லாம் அப்படித்தான் பாடியிருக்காங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். அப்புறம் சிடியில அதே பாட்டைக் கேட்டப்ப தட்டையா இருந்துச்சு, ஏதோ குறைஞ்ச மாதிரி.

ஃபேசர் மாதிரியே யூனி-வைப்னு ஒரு கிட்டார் பெடல் இருக்கு, 60-கள் கடைசியில ஜப்பான்ல வந்தது. அதைச் செஞ்ச ஃபுமியோ மியெடா, மாஸ்கோ வானொலி வானத்துல அலைபாஞ்சு வர்ற சத்தத்தைக் கேட்டுத்தான் அந்த எண்ணம் வந்துச்சுன்னு சொல்லியிருக்கார். சிற்றலை ரெண்டு மூணு வழியில வந்து சேரும்போது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், அந்தப் பள்ளம் நகரும். ஐயா சொன்ன அதே பள்ளம். எங்க தாத்தா வீட்டுல இருந்ததும் அதுதான். சைக்கடெலிக்குன்னு பேர் தெரியாமலே அவர் தினம் சாயந்தரம் கேட்டிருக்கார்.

முதல் பாட்டுல குரல் அப்படித் தேஞ்சு தேஞ்சு வர்ற இடம் இருக்கே, அதைத் தயவுசெஞ்சு சுத்தம் பண்ணிடாதீங்க.

#9 மாம்பலம்_மோனோ · 3:30

எல்லாரும் சேர்ந்து பையனை ஏத்தி விடறீங்க. நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன்.

‘இன்னர்ஸ்பீக்கர்’ கதையைப் பாதிதான் சொல்றீங்க. பார்க்கர் அந்த வீட்டுல பெரும்பாலான வாத்தியத்தைத் தானே வாசிச்சது நிஜம். மிக்ஸ் பண்ணது யாரு? டேவ் ஃப்ரிட்மன், நியூயார்க் மாநிலத்துல அவரோட சொந்த ஸ்டுடியோவுல. 2010-ல வெளிவந்தப்ப நம்ம காதுக்கு வந்தது வெறும் கடற்கரை வீட்டுச் சத்தம் இல்ல. பிங்க் ஃப்ளாய்டோட முதல் ஆல்பம், 1967: லண்டன்ல ஈஎம்ஐயோட ஏபி ரோடு ஸ்டுடியோ, தயாரிச்சவர் பீட்டில்ஸுக்கு இன்ஜினியரா இருந்த நார்மன் ஸ்மித். இந்த வகை இசையே ஸ்டுடியோவுக்குள்ள பொறந்தது. நாடாவைத் திருப்பி ஓட்டி, ரெண்டு நாடாவைச் சேர்த்து ஓட்டி, கணக்குப் போட்டுச் செஞ்சது. ‘மலை, மழை, மனசு’ன்னு தானா வந்ததில்ல.

அஞ்சாவது பாட்டுல டிரம்மர் தாளத்தை விட்டு வேகமா ஓடறார். மழை இருக்கறதால யாரும் அதைச் சொல்லல. மழையை எடுத்துட்டா எல்லாருக்கும் கேக்கும். அதனாலதான் உங்களுக்கே எடுக்க மனசில்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

#10 லயத்து_வீடு · 3:48

க்ருவாங்பின்ங்கற பேண்டோட முதல் ஆல்பம் (2015) டெக்சாஸ்ல ஒரு மாட்டுக் கொட்டகையில எடுத்தது. அதுக்கு என்ன சொல்றீங்க?

#11 மாம்பலம்_மோனோ · 3:55

அவங்க டிரம்மர் ஓட மாட்டார்னு சொல்றேன்.

#12 தகரக்கூரை · 5:10

மோனோ அண்ணா சொன்னது வலிச்சாலும் உண்மைதான். அஞ்சாவது பாட்டு டேக் எடுக்கறப்ப ராத்திரி ஒன்றரை மணி. சமையக்கட்டுப் பக்கம் கரடி வந்து எண்ணெய் டின்னை உருட்டிட்டிருந்துச்சு. எல்லாருக்கும் சீக்கிரம் முடிச்சாப் போதும்னு இருந்துது. டிரம்மர் ஓடினது அதனாலதான்னு அவன் கட்சி. நாலாவது நிமிசத்துல ‘டங்’னு ஒண்ணு கேக்கும், அது சிம்பல் இல்ல.

#13 காளான்_கடை · 5:14

கரடியை வச்சுக்குங்க, டிரம்மரை மாத்துங்க.

#14 புதுக்கோத்தகிரி · இரவு 8:02

நானும் ரொம்ப நாளா படிக்கிறவன், எழுதினதில்லை. மூணாவது பாட்டு பத்தி ஒரு கேள்வி.

4:10-ல் இருந்து 4:50 வரைக்கும் ஒரு குழல் வருதே. அது கொள். எங்கே கிடைச்சுது உங்களுக்கு?

#15 தகரக்கூரை · 8:20

கேட்டதுக்கு நன்றி அண்ணா, அந்த இடம்தான் எங்களுக்கு ஆல்பத்துலயே ரொம்பப் பிடிச்சது. ரெண்டு மூணு வருசம் முன்னாடி எங்க கீபோர்டிஸ்ட் பஸ்ஸுக்கு நின்னப்ப பக்கத்துல உங்க ஆளுங்க விசேஷம் நடந்துச்சாம், ரோட்டுல நின்னு ஃபோன்ல பிடிச்சான். அதைப் பாட்டோட இ ஸ்கேலுக்கு ஏத்தி, கடைசிப் பத்து வினாடியை ரிவர்ஸ் பண்ணோம். இந்த மண்ணோட இசைக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னுதான் வச்சோம்.

#16 காளான்_கடை · 8:24

கொள்ளுன்னா குதிரைக்குப் போடறதாச்சே?

#17 புதுக்கோத்தகிரி · 9:37

காளான் கடைக்கு: இது வேற. நீலகிரிப் பழங்குடி கோத்தர், அதாவது நாங்க, ஊதற குழல், சீவாளி வச்சது. கூட பறையும் தபட்டையும் அடிப்போம், கொம்பும் உண்டு. கோத்தகிரிங்கிற பேரே எங்க பேர்ல இருந்து வந்தது, ஆனா மாவட்டத்துல எங்களுக்கு ஏழே ஊர்தான். அதனால தெரியாம இருக்கிறதுல தப்பில்லை.

தகரக்கூரைக்கு: அது விசேஷம் இல்லை. சாவு.

எங்க கொள்ல ஆட்டத்துக்கு ஒரு வகை, சாமிக்கு ஒரு வகை, சாவுக்கு ஒரு வகை. கேக்கிறவங்களுக்கு எல்லாம் ஒண்ணா இருக்கும். எங்களுக்கு முதல் நாலு சுரத்துலயே தெரிஞ்சிரும். சாவுக் கொள்ளை வேற நேரத்துல ஊத மாட்டோம். கத்துக்கிற பையனைக்கூட ஊருக்குள்ள அதை ஊத விட மாட்டாங்க. எங்க சாமி கம்பட்டராயர் திருவிழா நாட்கள்ல அந்த நினைப்பே கூடாது. ரிச்சர்ட் உல்ஃப்னு ஒரு அமெரிக்கர் 1990-களில் எங்க ஊர்கள்ல இருந்து பழகி, 2005-ல் இதைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார்.

உங்க பாட்டை வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் போட்டேன். 4:10 வந்ததும் அம்மா சமையலறையில் இருந்து வெளியே வந்துட்டாங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க.

கோபமா எழுதலை. ஸ்கேலுக்கு ஏத்தினேன்னு சொன்னீங்களே, அது கையால துளை போட்ட குழல், பியானோ கட்டைக்குள்ள உக்காராது. நீங்க அதை நிமித்தின இடத்துல எனக்கு இன்னொரு மாதிரி வலிச்சுது, அதையும் சொல்லிடறேன்.

#18 மாம்பலம்_மோனோ · 9:58

வருத்தம் புரியுது. ஆனா சாம்பிள் எடுக்கறதுங்கறது உலகம் பூரா இருக்கற வழக்கம். ஆனந்தசங்கர் 1970-லயே சிதாரை ராக்ல கொண்டு போய் வச்சார். அன்னிக்கும் திட்டினவங்க உண்டு. எல்லாத்துக்கும் அனுமதி கேட்டுட்டிருந்தா இந்த இசையே வந்திருக்காது. ரோட்டுல கேட்ட சத்தம்தானே?

#19 மேலூர்க்காரி · 10:15

மோனோ அண்ணா, ஆனந்தசங்கர் தன் கையால தன் சிதாரை வாசிச்சார். யார் வீட்டுச் சாவுலயும் போய் ஃபோன் நீட்டல.

நான் படகர். எங்க பாட்டியோட சின்ன வயசுல எங்க ஊர்ச் சாவுக்குக் கோத்தர்தான் வந்து ஊதுவாங்களாம். இரும்பு, பானை, வாத்தியம் எல்லாம் அவங்ககிட்ட இருந்து வரும், நாங்க தானியம் கொடுப்போம். அப்புறம் அது நின்னு போச்சு. நின்னதுல எங்க ஆளுங்க நடந்துகிட்ட விதமும் இருக்கு, அதைப் பெருமையாச் சொல்ல முடியாது. பாட்டி கடைசிக் காலத்துல, “எனக்குக் கொள் ஊதுவாங்களா?”ன்னு கேட்டுது. வீட்டுல யாரும் பதில் சொல்லல. டிஜேதான் வந்துது.

அதனால எனக்கு இந்த 40 வினாடி வெறும் ‘சத்தம்’ இல்ல. நல்லா இருக்குன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன். 17-ஆம் பதிவைப் படிச்சப்புறம் திரும்பக் கேக்க முடியல.

#20 பழைய_ரீல் · சனி காலை 6:15

மோனோ அவர்களே, ஸ்டுடியோ பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. இதில் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் சாவுக் காட்சிக்குப் பறை வேண்டுமென்றால் கலைஞர்களை வரவழைப்போம். ஒரு முறை, பெரியவர் ஒருவர் கூடத்துக்கு வெளியே தேங்காய் உடைத்து, ‘இது பொய்ச் சாவு’ என்று சொல்லிவிட்டுத்தான் பறையில் கை வைத்தார். இருபது நிமிடம் தாமதம். தயாரிப்பு நிர்வாகி கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த இருபது நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் அன்று சம்பளம் கொடுத்தோம்.

#21 தகரக்கூரை · 11:40

ராத்திரி பூரா நாலு பேரும் பேசினோம். கிட்டாரிஸ்டுக்கு இஷ்டமில்ல. “யாருக்குத் தெரியப் போகுது, முன்னூறு பேர் கேப்பாங்களா?”ன்னான். அந்த முன்னூறுல ஒருத்தரோட அம்மா சமையக்கட்டுல இருந்து வந்துட்டாங்களேன்னு சொன்னேன். எழுந்து போயிட்டான்.

கொள்ளை எடுத்தாச்சு. பழைய இணைப்பை அழிச்சுட்டேன். கீபோர்டிஸ்ட் ஃபோன்ல இருந்த கோப்பை அவனே அழிச்சான். அண்ணா, உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. வீட்டுக்கு வந்து நேர்ல சொல்லலாம்னா வர்றோம். ஆட்டக் கொள் ஊதறவங்க யாராவது கூட வாசிப்பாங்களான்னு கேக்கணும்னும் தோணுது, ஆனா இப்பக் கேட்டா நல்லா இருக்காது.

இப்ப மூணாவது பாட்டுல 40 வினாடி பள்ளமா நிக்குது. அந்த இடத்துக்காகத்தான் பாட்டே அது வரைக்கும் ஏறி ஏறி வருது.

#22 புதுக்கோத்தகிரி · 12:30

அம்மாகிட்ட சொல்லிட்டேன். சரின்னாங்க. நேர்ல வரணும்னு இல்லை.

ஆட்டக் கொள் மேடையில ஊதறதுதான், அதுல தடை கிடையாது. எங்க அப்பாவே ஊதுவார். ஆனா நீங்க சொன்ன மாதிரி, இப்ப வேண்டாம். கம்பட்டராயர் திருவிழா முடியட்டும்.

#23 லயத்து_வீடு · 12:52

அந்தப் பள்ளத்துல எதையும் போடாதீங்களேன். எல்லாரும் நிறுத்திட்டு, கூரை மழையை மட்டும் விட்டா?

#24 கோவை_பேஸ் · 1:10

பேஸ் மட்டும் ஒரே ஸ்வரம் பிடிச்சு நிக்கட்டும்ங்க, இல்லாட்டி பாட்டு முடிஞ்சதுன்னு ஆளுக அடுத்ததுக்குத் தள்ளிருவாங்க. அப்புறம் இன்னொண்ணு: வினைல் ரெக்கார்டு போடற ஆசை இருந்தா இப்பவே சொல்லுங்க. 12 அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு 22 நிமிசம் தாண்டினா சத்தம் இளைச்சிரும். 51 நிமிசம் ஒரே தட்டுல அடங்காது. ஒரு பாட்டு போகணும்.

#25 மாம்பலம்_மோனோ · 1:25

அஞ்சாவது.

#26 தகரக்கூரை · மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு

தாமதத்துக்கு மன்னிக்கணும். புது மிக்ஸ் இணைச்சிருக்கேன்.

எர்த் குழி போட்டாச்சு, உப்பும் கரியும் போட்டு பெரியப்பாவே வெட்டினார். போன வாரம் அதே வீட்டுக்குப் போய் மழைக்காகக் காத்திருந்தோம். வேணும்னு போனா வருமா? ரெண்டு நாள் பளிச்சுன்னு வெயில். மூணாம் நாள் விடியக்காலை நாலு மணிக்குப் பிடிச்சுது. ரஜாய்க்குள்ள இருந்து எழுந்து, விறைச்ச கையோட ரெக்கார்ட் பட்டனைத் தட்டிட்டு, நாலு பேரும் வாயை மூடிட்டுப் பதினெட்டு நிமிசம் உக்காந்திருந்தோம். பதினோராவது நிமிசத்துல டிரம்மர் தும்மிட்டான். அது வரைக்கும் வெட்டி எடுத்துகிட்டோம்.

மூணாவது பாட்டுல இப்ப அந்த 40 வினாடி: பேஸ் ஒரே இ-யைப் பிடிச்சு நிக்குது, மேல கூரை மழை மட்டும், ஃபேசர் ரொம்ப மெதுவா, ஒரு சுத்துக்கு இருபது வினாடி. கிட்டாரிஸ்ட் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் வர்ற சோலோவை அவனாவே திரும்ப வாசிச்சான், பாதி ஸ்வரத்தைக் குறைச்சு.

அஞ்சாவது பாட்டைத் திரும்ப எடுத்தோம். கோவை அண்ணா சொன்ன 35 சென்ட் வேலையைத்தான் பண்ணோம். எர்த் போட்டதும் ஹம் போயிடுச்சுன்னு வேணும்னே ஒரு பழைய ஆம்பைக் கிட்ட வச்சு ஹம் பிடிச்சோம், சிரிக்காதீங்க. கரடி இந்தத் தடவை வரல. பழைய டேக்ல இருந்து அந்த ‘டங்’கை மட்டும் எடுத்து அதே இடத்துல வச்சிருக்கோம்.

மொத்தம் இப்ப 49 நிமிசம். தட்டு போடறதா இல்ல, அதுக்குக் காசும் இல்ல. பாட்டை நேரா விக்கற பேண்ட்கேம்ப் தளத்துல விடறோம். ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு வருசத்துக்கு ஆயிரம் தடவை ஓடினாத்தான் காசே கணக்குல வருமாம். எங்க ஆளுங்களை எண்ணிப் பார்த்தேன், அத்தை, மாமா எல்லாம் சேர்த்தும் எட்டல.

#27 பழைய_ரீல் · திங்கள் காலை 6:05

கேட்டேன். மூன்றாம் பாட்டில் 2:36 ஒட்டு இப்போது தெரியவில்லை. ஐந்தில் ரிலீஸ் இன்னும் சற்று நீளம், ஒரு 40 மில்லி வினாடி குறைக்கலாம். மற்றபடி அனுப்பிவிடுங்கள், தொட்டுக்கொண்டே இருந்தால் கெட்டுப்போகும்.

#28 மாம்பலம்_மோனோ · 10:40

மழை பத்தி என் கருத்து மாறல. ஆனா மூணாவது பாட்டை நாலு தடவை கேட்டுட்டேன். இதை யாரும் மேற்கோள் காட்டக் கூடாது.

#29 மேலூர்க்காரி · 10:42

மேற்கோள்: “மூணாவது பாட்டை நாலு தடவை கேட்டுட்டேன்.”

#30 புதுக்கோத்தகிரி · இரவு 8:45

அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டி முழு ஆல்பமும் போட்டேன். ஏழு பாட்டும் கண்ணை மூடிக் கேட்டார். மழை நல்லா விழுந்திருக்கு, எந்த வீடுன்னு கேட்டார். சொன்னேன். அந்தக் கூரை தனக்குத் தெரியும்னார்.

திருவிழா முடிஞ்சப்புறம் பேசலாம்னும் சொன்னார். ஆனா அஞ்சாவது பாட்டுல அடிக்கிற பையன் இன்னும் ஓடறானாம். முதல்ல அவனை ஒரு மாசம் தனியா தபட்டை அடிக்கச் சொல்லுன்னார்.

#31 தகரக்கூரை · 9:30

டிரம்மர் இதைப் படிச்சுட்டான். ‘தபட்டை எவ்வளவு ஆகும்?’னு மெசேஜ் வந்திருக்கு.